லித்தியத்துக்கு நம்ம ரூமே உலைதான்: கேட்டதும் சொன்னதும்

லித்தியம் உலோகத்தைப் பத்தி எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். பாதிப் பேர் பேட்டரி வெடிக்குமான்னுதான் கேட்டிருக்கீங்க. அதுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் கீழே இருக்கு. என் வேலை, ஆர்கான்னு எதோடயும் வினை செய்யாத வாயுவை நிரப்பின க்ளவ் பாக்ஸுக்குள்ள (கையுறை பொருத்தி அடைச்ச பெட்டி) கையை விட்டு லித்தியம் தகடு வெட்டி, சோதனைக்கு பேட்டரி செல் கட்டறது. வீடு வட சென்னையில கொருக்குப்பேட்டை. கேட்டவங்க பேரை எடுத்துட்டு ஏரியாவை மட்டும் விட்டு வச்சிருக்கேன்.

தண்டையார்பேட்டை, பிளஸ் டூ மாணவி: அக்கா, லித்தியத்தோட அடர்த்தி 0.534, சோடியம் 0.97, பொட்டாசியம் 0.86னு படிச்சேன். எல்லாத்தையும் மண்ணெண்ணெய்லதான் போட்டு வைப்பாங்கன்னு மிஸ் சொன்னாங்க. லித்தியம் மண்ணெண்ணெய்லயே மிதக்காதா?

மிதக்கும்மா. மிஸ் சொன்னது சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் சரி. மண்ணெண்ணெயோட அடர்த்தி சுமார் 0.8. அதனால அந்த ரெண்டும் அடியில போய் உக்காந்துக்கும், மேல எண்ணெய் மூடிக்கும். லித்தியம் மேல வந்து தலையைக் காட்டும், காட்டின இடம் கறுத்துடும். அதனால இதைப் பெட்ரோலியம் ஜெல்லியில புதைச்சு வைப்பாங்க. இல்லைன்னா ஆர்கான் அடைச்சு சீல் வச்ச டப்பாவுல வரும். எங்க லேபுக்கு வர்றது டப்பா ரகம்.

அறை வெப்பத்துல திடமா இருக்கிற தனிமங்கள்லேயே அடர்த்தி குறைஞ்சது இதுதான். ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் கொள்ற அளவு லித்தியத்தைத் தூக்கினா 534 கிராம்தான் இருக்கும்.

அந்த 0.534ஐ நீ மனப்பாடம் பண்ண வேணாம், கணக்குலயே வந்துடும். அறை வெப்பத்துல லித்தியத்தோட படிகம் பொருள் மைய கனச்சதுரம். அலகுக்கூட்டோட விளிம்பு 3.51 ஆங்ஸ்ட்ராம், ஒரு கூட்டுக்கு 2 அணு. 2 × 6.94ஐ அவகாட்ரோ எண்ணால வகுத்தா கூட்டோட நிறை. 3.51 ஆங்ஸ்ட்ராமை சென்டிமீட்டராக்கி கனம் எடுத்தா அதோட பருமன். முதல்ல வந்ததை ரெண்டாவதால வகு, 0.533 வரும். சோடியத்துக்கும் இதே மாதிரி போட்டுப் பாரு. பொட்டாசியம் ஏன் சோடியத்தைவிட லேசுன்னு பரீட்சையில கேட்கறதுக்குப் பதில் அங்கேயே கிடைச்சுடும். நிறை கூடற வேகத்தைவிட அணு பெருக்கிற வேகம் அங்க ஜாஸ்தி.

பெரம்பூர், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்: ஏம்மா, ஆயுசு பூரா இரும்போட பொழைச்சவன் நான். கத்தியிலேயே வெட்டலாம்னு சொல்றாங்களே, அது என்ன உலோகம்? அதைத் தகடா உருட்டத்தான் முடியுமா?

வெட்டலாம் ஐயா. பார் சோப்புல கத்தியை வச்சு அமுக்கற மாதிரி இறங்கும். சோடியத்தைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். கடினத்தை அளக்கற மோஸ் அளவுகோல்ல இது 0.6. ஈயமே 1.5 இருக்கு. வெட்டின முகம் வெள்ளி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். ஆனா பிளேடு எவ்வளவு கூர்மையா இருந்தாலும் துண்டு அதோட ஒட்டிக்கிட்டே மேல வரும். அதுதான் தொல்லை. சுத்தமான ரெண்டு முகத்தைச் சேர்த்து விரலால அமுக்கினா ஒண்ணாயிடும், வெல்டிங் ராடே வேணாம்.

ஏன் இவ்வளவு மெத்துன்னு இருக்குன்னு இரும்பை வச்சே சொல்றேன். லித்தியம் 180.5 டிகிரி செல்சியஸ்ல உருகும். சால்டரிங் ஈயம்னு நாம சொல்ற 63க்கு 37 கலவை உருகறது 183. கிட்டத்தட்ட அதே சூடு. கெல்வின்ல பார்த்தா லித்தியத்தோட உருகுநிலை 453.7. ரூம் 25 டிகிரின்னா 298 கெல்வின். அதாவது உருகறதுக்கு வேண்டிய சூட்டுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு சூட்டுல, அது சும்மா மேஜை மேல கிடக்கும்போதே இருக்கு. இரும்பு உருகறது 1538 டிகிரி, அதாவது 1811 கெல்வின். அதுல அதே பங்கு எடுத்தா சுமார் 1190 கெல்வின், நம்ம கணக்குல 917 டிகிரி. அந்தச் சூட்டுல இரும்பு எப்படி இருக்கும், சுத்தியல் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நமக்கு அறை வெப்பம்னா லித்தியத்துக்கு உலை. கத்திரி வெயில்ல ஏசி நின்னு ரூம் 38க்குப் போனா இன்னும் இளகும்.

அதனால வலுவும் கம்மி. மைல்ட் ஸ்டீல் சுமார் 250 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கினதுக்கு அப்புறம்தான் நிரந்தரமா வளையும். சுத்தமான லித்தியம் 1 மெகாபாஸ்கலுக்குக் கீழேயே விட்டுக்கொடுத்துடும். அதுகூட நீங்க எவ்வளவு வேகமா அமுக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. வெடுக்குன்னு அமுக்கினா கொஞ்சம் எதிர்த்து நிக்கும், நிதானமா அமுக்கினா பரவிக்கிட்டே போகும். எடை ஒண்ணைத் தூக்கி மேல வச்சுட்டுப் போனா அது பாட்டுக்கு மெல்ல மெல்ல நசுங்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துல பாய்லர் குழாய்க்கு வருமோன்னு பயந்து கணக்குப் போடறாங்களே க்ரீப்புன்னு, அதேதான். அங்க அதுக்குக் கொதிக்கிற நீராவி வேணும். இங்க ஒண்ணுமே வேணாம்.

உருட்டலாம். ஸ்டீல் ரோலர்ல நேரா விட்டா ரோலரோட ஒட்டிக்கும், அதனால மேலயும் கீழயும் பாலிப்ரொப்பிலீன் ஷீட் வச்சு உருட்டுவோம். ரொம்ப மெல்லிசாப் போனா தன்னைத் தானே தாங்காது, கையில எடுக்கறதுக்குள்ள கிழிஞ்சுடும். அந்த ரகத்தைக் காப்பர் ஃபாயில் மேல ஏத்தித்தான் விப்பாங்க.

வியாசர்பாடி, எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டறவர்: மேடம், இந்த உலோகம் என் வண்டி பேட்டரில கீதா? தண்ணி பட்டா பத்திக்கும்னு வாட்சப்ல வந்துச்சு. மழைல ஓட்டலாமா வேணாமா?

மழையில தாராளமா ஓட்டுங்க அண்ணே. முழங்கால் தண்ணியில மட்டும் இறக்காதீங்க, அது வேற கதை. உங்க வண்டியில இருக்கிறது லித்தியம் அயான் பேட்டரி. அதுல லித்தியம் அயனியாத்தான் இருக்கும். சார்ஜ் போடும்போது கிராஃபைட் அடுக்குக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், ஓட்டும்போது வெளியில வரும். தண்ணியில போட்டா ஹைட்ரஜன் கிளப்பற அந்த வெள்ளி நிற உலோகம் நல்ல நிலையில இருக்கிற பேட்டரிக்குள்ள கிடையாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ல சார்ஜ் போட்டாலோ, அளவுக்கு மீறி வேகமா ஏத்தினாலோ கிராஃபைட் மேல உலோகமாப் படிய ஆரம்பிக்கும். மெட்ராஸ்ல குளிர் நமக்குப் பிரச்சினை இல்ல. ஒட்டுப்போட்ட சார்ஜர்தான் பிரச்சினை.

பேட்டரியில புகை வந்தா ஆளுங்களை இறக்கிட்டுத் தள்ளி நில்லுங்க, 101க்குப் போன் பண்ணுங்க. தீயணைப்புக்காரங்க தண்ணியைத்தான் கொட்டுவாங்க, அது சரிதான். அயான் பேட்டரியைக் குளிர வைக்கத் தண்ணி வேணும். அந்த வாட்சப் எழுதினவர் உலோகத்தையும் பேட்டரியையும் ஒண்ணாக் குழப்பிட்டார்.

பெரம்பூர் ஐயா மறுபடியும்: அப்போ உலோகம் எரிஞ்சா? எங்க ஷாப்ல மணல் வாளிதான் தொங்கும்.

மணல் கூடாது ஐயா. எரியற லித்தியம் மணல்ல இருக்கிற சிலிக்காவோடயே வினை செய்யும். தண்ணி, நுரை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவுமே ஆகாது. காய்ஞ்ச கிராஃபைட் பொடியை அள்ளி மூடணும். எங்க க்ளவ் பாக்ஸ் பக்கத்துல இருக்கிறது அந்த வாளிதான்.

காசிமேடு, போட் இன்ஜின் மெக்கானிக்: இந்தக் காத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே துரு புடிக்குது. லித்தியம் எத்தினி நாள் தாங்கும்?

நாளா! நிமிஷக் கணக்கு. துருவுக்காவது உப்பு வந்து உதவணும், இதுக்கு ஈரம் ஒண்ணே போதும். வெட்டின பளபளப்பு மொதல்ல மங்கும், அப்புறம் சாம்பல், அப்புறம் கறுப்பு. அப்படியே விட்டுட்டா கடைசியில வெள்ளையாப் பொரிஞ்சு கிடக்கும். அந்த வெள்ளை லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி, அந்தக் கறுப்புல நைட்ரஜனுக்கும் பங்கு இருக்கு. காத்துல ஐந்துல நாலு பங்கு நைட்ரஜன். சோடியமோ பொட்டாசியமோ அதைச் சீண்டறதே இல்ல. கார உலோகங்கள்ல அறை வெப்பத்துல நைட்ரஜனோட சேர்றது லித்தியம் மட்டும்தான். அப்படி உண்டாகிற நைட்ரைடுல ஈரம் பட்டா அமோனியா கிளம்பும். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அமோனியா கசிஞ்ச ராத்திரியை அனுபவிச்சவங்களுக்கு அந்த நெடி மறக்காது. கெட்டுப்போன லித்தியம் டப்பாவைத் திறந்தா அதே நெடி மெல்லிசா மூக்குல ஏறும்.

அதனாலதான் நைட்ரஜன் சிலிண்டர் மலிவா கிடைச்சாலும் எங்களுக்கு ஆகாது, ஆர்கான்தான். இன்னொரு வழி ஈரத்தை எடுத்துடறது. ஈரமே இல்லாத காத்துல லித்தியம் மணிக்கணக்கா பளபளப்பாவே இருக்கும். பேட்டரி கம்பெனிகள்ல ட்ரை ரூம்னு கட்டறது இதுக்குத்தான். ட்யூ பாயின்ட்டை, அதாவது காத்துல இருக்கிற ஈரம் பனியாப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலையை, மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே வச்சிருப்பாங்க. கடலை ஒட்டின ஊர்ல அந்த ரூமை ஓட்டறவங்க கரண்ட் பில்லை நினைச்சா எனக்கே வயித்தைக் கலக்குது.

அதே மாணவி: அக்கா, மின்முனை மின்னழுத்தம் மைனஸ் 3.04 வோல்ட், எல்லாத்துலயும் இதுக்குத்தான் எதிர்மதிப்பு ஜாஸ்தி. ஆனா தண்ணியில சோடியம்தான் ஆட்டம் போடுது. லித்தியம் அமைதியா நுரைச்சுட்டுப் போகுது. எப்படி?

அந்த மைனஸ் 3.04, வினை கடைசியில எங்க போய் நிக்கும்னு சொல்லுது, எவ்வளவு சீக்கிரம் போகும்னு சொல்லாது. வேகத்தைத் தீர்மானிக்கிறது இங்க உருகுநிலை. சோடியம் 98 டிகிரியில உருகிடும். வினையில வர்ற சூட்டுலயே உருகி உருண்டையாகி, புதுப்புது முகத்தைத் தண்ணிக்குக் காட்டிக்கிட்டே ஓடும். லித்தியத்துக்கு 180 வேணும், சுத்தி இருக்கிற தண்ணி அவ்வளவு தூரம் போக விடாது. கட்டியாவே மிதந்து நுரைக்கும். அதோட ஹைட்ராக்சைடும் சோடியத்தோடது அளவுக்குக் கரையாது. அமைதின்னு நினைச்சு ஏமாந்துடாதே. 1 கிராம் லித்தியம் கரைஞ்சு முடியறப்ப சுமார் 1.7 லிட்டர் ஹைட்ரஜன் வந்திருக்கும், அதுக்கு ஒரு தீப்பொறி போதும்.

கொடுங்கையூர், காலேஜ் பையன்: பேட்டரியை உடைச்சு லித்தியம் எடுத்துத் தண்ணில போட்டு ரீல்ஸ் எடுக்கலாம்னு இருக்கோம்க்கா. டிப்ஸ் குடுங்க.

வேணாம் தம்பி. உடைக்கும்போது ஷார்ட் ஆனா கேமரா ஆன் பண்றதுக்கு முன்னாடியே கை வெந்துடும். லித்தியம் கரைஞ்ச தண்ணி தெறிச்சுக் கண்ணுல பட்டா அது காரம், அமிலத்தைவிட ஆழமா இறங்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, மொபைல் சர்வீஸ் கடை: கரண்ட் நல்லா கடத்துமா மேடம்?

கன அளவுக்குப் பார்த்தா சுமார்தான். மின்தடை எண் 20 டிகிரியில சுமார் 93 நானோ ஓம் மீட்டர், காப்பருக்கு 17. அதே தடிமன் கம்பியில காப்பரைவிட அஞ்சரை மடங்கு தடை. ஆனா எடைக்குப் பார்த்தா கதை தலைகீழ். தடை எண்ணையும் அடர்த்தியையும் பெருக்கிப் பாருங்க. காப்பருக்கு 150 வரும், அலுமினியத்துக்கு 72, லித்தியத்துக்கு 50. ஒரு கிலோவுக்குக் காப்பரைவிட மூணு மடங்கு நல்ல கடத்தி! இந்தக் கணக்குல சோடியம் இன்னும் ஒரு பிடி மேல. சரி, இழுத்தா அறுந்து, ஈரத்துல பொரிஞ்சு, 180 டிகிரியில ஒழுகற கம்பியை எவன் சுவத்துக்குள்ள விடுவான்?

வெப்பத்தையும் பரவாயில்லாம கடத்தும். மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 85 வாட். இரும்பு 80, காப்பர் 400.

திருவொற்றியூர், பி.எஸ்சி. இயற்பியல்: தன்வெப்பம் கிராமுக்கு 3.58 ஜூல்னு போட்டிருக்கு. தண்ணிக்கே 4.18தான், இரும்பு வெறும் 0.45. அச்சுப் பிழையா?

பிழை இல்ல. திடத் தனிமங்கள்லேயே இதுதான் அதிகம். ஆனா மந்திரம் ஒண்ணும் கிடையாது. 3.58ஐ 6.94ஆல பெருக்குங்க. ஒரு மோலுக்கு 24.8 ஜூல். இரும்புக்கு 0.45ஐ 55.85ஆல பெருக்கினா 25.1. டூலாங்-பெட்டி விதி சொல்ற 3ஆர் (ஆர்ங்கறது வாயு மாறிலி), அதாவது 24.9ஐ ஒட்டி ரெண்டுமே நிக்குது. ஒவ்வொரு அணுவும் எடுத்துக்கிற சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். லித்தியம் அணு லேசா இருக்கிறதால ஒரு கிராமுக்குள்ள இரும்பைப்போல எட்டு மடங்கு அணு அடைஞ்சு கிடக்கு. எடைக்கு எடை கேட்கிற கேள்வி எல்லாத்துலயும் லித்தியம் ஜெயிக்கிறதுக்குப் பாதிக் காரணம் அந்த 6.94தான்.

ராயபுரம்: யாரும்மா கண்டுபிடிச்சது?

1817ல ஸ்வீடன்காரர் ஆர்ஃப்வெட்சன், பெட்டலைட்னு ஒரு கல்லை அலசும்போது. ஆனா அவர் கண்ணால உலோகத்தைப் பார்க்கல. 1821ல பிராண்டேங்கற ஆங்கிலேயர் மின்பகுப்புல துளி எடுத்தார். கையில எடுத்துப் பார்க்கிற அளவுக்கு உருகின லித்தியம் குளோரைடுலேர்ந்து பிரிச்சது 1855ல, புன்சனும் மத்தீசனும்.

புளியந்தோப்பு, ஒரு தம்பியோட அக்கா: என் தம்பிக்கு மனநல டாக்டர் லித்தியம் மாத்திரை குடுத்திருக்கார். இந்த உலோகமா அது? நிறுத்திடலாமான்னு அம்மா கேக்கறாங்க.

நிறுத்தாதீங்க. அது லித்தியம் கார்பனேட், உப்பு. நம்ம சமையல் உப்புல சோடியம் இருந்தும் அது தண்ணியில தீப்பிடிக்காத மாதிரிதான். 1949லேர்ந்து மனநோய்க்குப் பயன்ல இருக்கிற மருந்து. கவனிக்க வேண்டியது ஒண்ணு, ரத்தத்துல அளவு கூடினா ஆபத்து. டாக்டர் எழுதற ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க. வெயில் காலத்துல வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ அளவு ஏறிடும். உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எண்ணூர், இன்ஜினியரிங் மாணவர்: இவ்வளவு லேசா இருந்தா, கிராஃபைட்டைத் தூக்கிட்டு உலோகத்தையே எதிர்முனையா வைக்கலாமே அக்கா? என் புராஜெக்ட் அதான்.

ஒரு கிராம்ல சேர்த்து வைக்கிற மின்சாரம் லித்தியத்துக்கு 3860 மில்லி ஆம்பியர் மணி, கிராஃபைட்டுக்கு 372. பத்து மடங்கு. ஆசை வராம இருக்குமா? 1970கள்ல விட்டிங்காம் செஞ்ச முதல் ரீசார்ஜ் லித்தியம் பேட்டரியில எதிர்முனை உலோகம்தான். 2019ல குட்இனஃப், யோஷினோவோட சேர்ந்து அவருக்கு நோபலும் கிடைச்சது. ஆனா 1991ல சோனி கடைக்குக் கொண்டுவந்தது கார்பன் வச்சது. நடுவுல சிக்கல் டென்ட்ரைட்.

சார்ஜ் போடறப்ப லித்தியம் சமமாப் படியாது. ஒரு இடத்துல கொஞ்சம் மேடு விழுந்தா கரண்ட் அங்கேயே குவியும், மேடு முளையாகும், முளை முள்ளாகும், முள்ளு நடுத்திரையைக் குத்தி அந்தப் பக்கம் தொட்டா ஷார்ட். இவ்வளவு மெத்துன்னு இருக்கிறது எப்படிக் குத்தும்னு நீங்க கேட்கணும். கையில இருக்கிற கட்டிதான் மெத்து. ஒரு மைக்ரான் அளவுல இருக்கிற ஊசியில, அணு வரிசை நழுவ வழி விடற படிகக் குறைகளுக்கு இடமே பத்தாது. அந்த அளவுல அது கட்டியைவிடப் பல மடங்கு வலு.

அந்த இளக்கம் உங்களுக்கு உதவியும் செய்யும். ரெண்டு முனைக்கும் நடுவுல அயனியைக் கடத்தற எலக்ட்ரோலைட்டைத் திடமா வச்சுக் கட்டினா, டிஸ்சார்ஜ் ஆகும்போது லித்தியம் வெளியேறின இடத்துல பள்ளம் விழும். வெளியிலேர்ந்து அழுத்தம் குடுத்தா லித்தியம் க்ரீப் ஆகி அந்தப் பள்ளத்தை ரொப்பும். அழுத்தம் பத்தலைன்னா பள்ளம் தங்கிடும், ஜாஸ்தியானா எலக்ட்ரோலைட்டோட விரிசலுக்குள்ளேயே பிதுங்கிப் போகும். உங்க புராஜெக்ட்ல அழுத்தத்தை மட்டும் எழுதாதீங்க, ரூம் வெப்பத்தையும் பக்கத்துலயே எழுதுங்க. சென்னையில ஜனவரியும் மே மாசமும் ஒரே ரிசல்ட் தராது. மத்தவங்க பேப்பர்ல 25 டிகிரின்னு போட்டிருந்தா உங்க செல்லையும் 25லயே வச்சுட்டு ஒப்பிடுங்க.

மூலக்கடை, ரெண்டு குழந்தைங்களோட அம்மா: அப்போ வீட்டுல எதுலயுமே இந்த உலோகம் இல்லையா?

இருக்கும்மா. ரிமோட், எடை மெஷின், கார் சாவி இதுல போடற 2032 பட்டன் செல். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 தடிமன், 3 வோல்ட். அதுக்குள்ள ஒரு பக்கம் நிஜ லித்தியம் உலோகம், சின்ன வட்டமா, சுமார் 0.1 கிராம்.

குழந்தை முழுங்கிட்டா லித்தியம் ஒழுகி வர்றதுக்கு முன்னாடி கரண்டே வேலையைக் காட்டிடும். உணவுக்குழாய்ல மாட்டினா, எச்சில் ஈரத்துல கரண்ட் ஓடி, தொட்ட இடத்துல காரம் உண்டாகி, ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துடும். அழல, நல்லாத்தான் இருக்குன்னு காத்திருக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஸ்டான்லியோ, கிட்டத்துல எக்ஸ்ரே இருக்கிற எந்த ஆஸ்பத்திரியோ, நேரா ஓடுங்க. அதே ரகம் செல் ஒண்ணு இருந்தா கையில எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. தீர்ந்துபோன செல்லும் ஆபத்துதான். ரெண்டு முகத்துலயும் செலோ டேப் ஒட்டி, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வச்சு அப்புறம் தூக்கிப் போடுங்க. விளக்கு எரியற பொம்மை வீட்டுல இருந்தா பேட்டரி மூடியில ஸ்க்ரூ இருக்கான்னு இன்னிக்கே திருப்பிப் பாருங்க.